வள்ளிப்பிள்ளையின் சலவைக்கடை

கட்டாடிச்சி ஒருத்தி செங்கலடிச் சந்தியில் கடை வைக்கலாமா என்று ஊர் கூடிக் கேட்டது. கடை வைத்து எட்டு மாதம் போன பிறகுதான் கேட்டது. முதலிலேயே கேட்டிருந்தாலும் வள்ளிப்பிள்ளை வைத்துத்தான் இருப்பாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

துணி வெளுக்கிற குடும்பத்தைக் கட்டாடி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த இந்த வீடுகள் இந்தக் கட்டாடிக்கு என்று பூட்டன் காலத்திலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். வள்ளிப்பிள்ளைக்கும் அவள் புருஷன் கோணாமலைக்கும் நாற்பத்திரண்டு வீடுகள். அதில் முதல் வீடு அழகரத்தினம் போடியாருடையது. வட்டை வட்டையாக வயல் வைத்திருக்கிற பெரிய கையைத்தான் போடியார் என்பார்கள்; ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். கொல்லைப்பக்கமாகப் போய் அழுக்கெடுக்க வேண்டும், வெளுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கலியாணத்துக்கும் சாவுக்கும் பந்தலில் வெள்ளைத்துணி கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் கூலி, அறுவடை முடிந்து களத்தில் கடைசியாகக் கிடைக்கிற நெல். எவ்வளவு என்று கேட்கக் கூடாது. கொடுத்ததைக் கும்பிட்டு வாங்க வேண்டும். நல்ல நியாயம்!

முப்பத்தேழாம் ஆண்டு மாரி பொய்த்தது. போடியாரின் களத்தில் வள்ளிப்பிள்ளை விடியற்காலை போய் நின்றாள். கோயிலுக்கு அளந்தார்கள், வயல்காரனுக்கு அளந்தார்கள், கொல்லனுக்கு அளந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் களத்தைக் கூட்டி அள்ளி அவள் கடகத்தில் கொட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து சுளகில் போட்டுப் புடைத்தாள். பாதிக்கு மேல் பதர்.

"இஞ்ச பாருங்க," என்று சுளகைப் புருஷனுக்கு முன்னால் தள்ளினாள். "ரெண்டு பேர் ஒரு வருசம் கல்லில அடிச்ச அடிக்கு இதா கூலி?"

கோணாமலை நல்ல மனிதன், பயந்த மனிதன். "என்ன செய்யிற வள்ளி. எங்கட தலையில எழுதினது இவ்வளவுதான்."

"தலையில எழுதினவன் எழுதிப்போட்டுப் போகட்டும். நான் பலகையில எழுதப் போறன்."

அவள் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. சந்தியைக் கொஞ்ச நாளாகவே அவள் கவனித்துக்கொண்டு வந்தாள். பதுளை றோட்டு பிரிகிற இடம் அது. பஸ் நிற்கும், வண்டி நிற்கும். பள்ளிக்கூட வாத்திமார், றோட்டு ஓவசியர், ஏறாவூர்க் கடை முதலாளிமார் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். அத்தனை பேர் உடம்பிலும் சட்டை, அத்தனை சட்டையும் கசங்கல். மடிப்புக் கலையாத சட்டை வேண்டுமென்றால் மட்டக்களப்பு டவுனுக்குத்தான் கொடுத்தனுப்ப வேண்டும். இவ்வளவு பேர் கையில் காசோடு நிற்கிற இடத்தை விட்டுவிட்டு நாங்கள் ஏன் களத்தில் போய்க் கைகட்டி நிற்கிறோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

கையிலிருந்த வெள்ளிக் காப்பை விற்று, மூடி இளகிப்போன பழைய ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்று வாங்கினாள். சிரட்டைக் கரியை அவளே சுட்டாள். சந்தியில் இப்றாஹிம் முதலாளியின் புடைவைக்கடைக்கு அடுத்தாற்போல் கிடுகு வேய்ந்த ஒரு சாய்ப்பு சும்மா கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்தாள். வாத்தியார் ஒருவரைப் பிடித்துப் பலகையில் 'வள்ளிப்பிள்ளை சலவைக்கடை' என்று எழுதுவித்தாள். ஊரில் எல்லாரும் அவளை வள்ளி என்று வெட்டித்தான் கூப்பிடுவார்கள். பலகையில் முழுப்பேரும் ஏறியது.

முதல் கிழமையே சனியன் பிடித்தது. இப்றாஹிம் முதலாளி உடுத்துகிற புதுச் சாரனில் பெட்டியைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல்! வேறு யாராவது என்றால் மடித்து உள்ளே வைத்துக் கொடுத்திருப்பார்கள். வள்ளிப்பிள்ளை நேரே முதலாளியின் கடைக்குள் ஏறி, அடுக்கிலிருந்து அதே மாதிரிச் சாரன் ஒன்றை உருவினாள்.

"மொதலாளி, உங்கட சாரன நான் எரிச்சுப் போட்டன். இந்தாங்க புதுசு."

"அல்லாவே! புள்ள, இது என்ட கடைச் சாரனெல்லோ?"

"ஓம். என்னட்ட இப்ப காசில்ல. மூணு கிழமைக்கு உங்கட வீட்டுத் துணி முழுக்கக் கூலியில்லாம வெளுத்துத் தாறன். சரியா?"

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கருகின மணம் எனக்கு அப்பவே வந்தது. ஒளிச்சு வைப்பாய் எண்டுதான் பாத்திட்டிருந்தன். ஒளிச்சிருந்தா இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்க மாட்டன்." மூன்று கிழமை முடிந்ததும் அவருடைய தம்பிமார் வீட்டுத் துணியும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து வள்ளிப்பிள்ளை எந்தத் துணிக்கும் முதலில் தன் சேலைத் தலைப்பில் பெட்டியை வைத்துப் பார்ப்பாள். அவளுடைய தலைப்பு எப்போதும் பழுப்பாகத்தான் இருக்கும்.

எழுத்து அவளுக்குத் தெரியாது. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் மூலையில் புள்ளியும் கோடும் போடுவாள். யாருக்கு எத்தனை புள்ளி, எத்தனை கோடு என்பதெல்லாம் மண்டைக்குள் இருந்தது. திங்கட்கிழமை கொடுத்தால் வியாழக்கிழமை கையில் கிடைக்கும். மழை பெய்தாலும் கிடைக்கும். காய்ச்சலோடு நின்று பெட்டி தேய்த்த நாளும் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அவள் சொன்ன நாள் தவறி ஒரு துணி போனதாக யாரும் சொன்னதில்லை. எட்டு மாதத்தில் இருவருக்கும் கை ஓயவில்லை. கடையும் நாற்பத்திரண்டு வீடும் சேர்த்து இழுக்க முடியாமல் போனபோது, அழுக்கெடுக்க இனி ஆள் வராது, ஊர்த்துணியும் கடைக்கே வரட்டும் என்று அவள் சொல்லியனுப்பினாள்.

இதைக் கேட்டுத்தான் போடியார் வண்டி கட்டிக்கொண்டு சந்திக்கு வந்தார். இறங்கவில்லை. வண்டியில் இருந்தபடியே பலகையைப் பார்த்தார்.

"என்ன வள்ளி, பலகையெல்லாம் தூக்கியிருக்காய்?"

"ஓம் போடியார். வாற ஆக்களுக்குக் கண்ணுக்குத் தெரிய வேணுமே."

"என்ட வேட்டியும் கண்டவன் சாரனும் ஒரே வெள்ளாவிப் பானையிலயா வேகுது?"

"அழுக்கு ஒண்டுதானே போடியார். ஒண்டா வெந்தாத்தான் விறகு மிச்சம்."

பக்கத்துக் கடையில் யாரோ சிரித்துவிட்டார்கள். போடியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இண்டையோட இத மூடு. மூட மாட்டாயெண்டா ஊரில ஒரு வீட்டுத் துணியும் உனக்கில்ல. எங்கட குளத்தில ஒரு சொட்டுத் தண்ணி நீ தொடப்படா. எங்கட வீட்டு நல்லதுக்கும் வேணாம், கெட்டதுக்கும் வேணாம். உன்ட கால் என்ட வளவில படப்படா!"

அழுவாள், காலைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தார்.

"அப்ப சரி போடியார்," என்று சொல்லிவிட்டு வள்ளிப்பிள்ளை அடுத்த சட்டையை விரித்தாள்.

கோணாமலைக்கு அன்று சோறு இறங்கவில்லை. "தண்ணியில்லாம என்னத்தில வெளுப்பாய்? வாவித் தண்ணி உப்பு. உப்பேறின துணியில கஞ்சி நிக்குமா? ரெண்டு நாளில சட்டை சவண்டு போகும். வா, போய் மன்னிப்புக் கேப்பம்."

"நீங்க வேணுமெண்டா போங்க. எனக்கு மண்வெட்டியத் தந்திட்டுப் போங்க."

கடலோடு சேர்ந்த அந்த வாவியின் கரை மணலில் ஆழமில்லாமல் குழி தோண்டினால் சில இடத்தில் நல்ல தண்ணீர் ஊறும். பூவல் என்பார்கள். சில இடத்தில்தான் ஊறும், எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. வள்ளிப்பிள்ளை ஒன்று தோண்டினாள், உப்பு. பத்தடி தள்ளித் தோண்டினாள், அதுவும் உப்பு. மூன்றாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது; சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். ஆறு குழி போயிற்று. கோணாமலை கரையில் குந்தியிருந்து பார்த்தான், பார்க்கச் சகிக்காமல் எழும்பி வந்து மண்வெட்டியைப் பறித்தான். ஏழாவது குழியை இரண்டு பேரும் மாறி மாறி வெட்டினார்கள். ஊறிய தண்ணீரைக் கையில் அள்ளி வள்ளிப்பிள்ளை நாக்கில் வைத்தாள். இனித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் கரிக்கவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பூவலில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறும். ஆகவே முதல் அலசல் முழுவதும் வாவியில், கடைசி அலசலுக்கு மட்டும் பூவல் தண்ணீர் என்று வைத்தார்கள். விடியக்கருக்கலில் போனால் இரவு ஊறியது நிறைந்து கிடக்கும். குளத்துத் தண்ணீர் எப்போதும் சேற்று நிறம். பூவல் தண்ணீர் மணலில் வடிந்து வந்தது. வேட்டிகள் முன்னைவிட வெள்ளையாக வந்தன! போடியார் செய்த உபகாரம் என்று வள்ளிப்பிள்ளை கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

ஊரில் நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் தாங்களே துவைத்தார்கள். இடுப்பு ஒடிய ஒடியப் போடியாரைத்தான் திட்டினார்கள், வாய்க்குள்ளே. போடியாரின் வேட்டியும் கஞ்சி காணாமல் தொளதொளவென்று தொங்கியது. கோயில் திருவிழாவுக்கு வெள்ளை கட்ட ஆளில்லை. கடையில் புதுச்சீலை வாங்கித் தன் ஆட்களைக் கொண்டு கட்டுவித்து, பார்த்தீர்களா, கட்டாடி இல்லாமல் என்ன குறைந்துவிட்டது என்று மீசையைத் தடவினார். ஐந்து மாதம் இப்படி ஓடியது.

ஆவணி மாதம் போடியாரின் ஒரே மகள் புஸ்பம் பெரியபிள்ளையானாள்.

வள்ளிப்பிள்ளையைத் தள்ளிவைத்த மனிதர் இந்த ஒன்றை மட்டும் எப்படி மறந்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வீட்டில் பதின்மூன்று வயதில் பிள்ளை வளர்கிறது. பெரியபிள்ளையானவள் ஒதுக்கிய அறை மூலையில் இருக்க வேண்டும். தண்ணீர் வார்க்கிற நாளில் கட்டாடிச்சி கையால் கொண்டுவருகிற வெளுத்த சேலையை உடுத்தால்தான் துடக்கு என்கிற தீட்டுக் கழியும். அதற்குப் பெயர் மாற்று. அது இல்லாமல் பிள்ளை அறையை விட்டு வெளியே வர முடியாது. கடையிலிருந்து பட்டாகவே வாங்கிக் குவித்தாலும் புதுச்சேலை ஆகாது. போடியார் பட்டும் வாங்கிப் பார்த்தார். வீட்டுப் பெண்கள் ஒரே வாயாக மாட்டோம் என்றுவிட்டார்கள்.

வாழைச்சேனைக்கு ஆள் அனுப்பித் தங்கராசா என்கிற கட்டாடியைக் கூப்பிட்டார். அவன் வந்து முற்றத்தில் நின்று தலையைச் சொறிந்தான்.

"இது கோணாமலைட வீடு போடியார். ஒருத்தன்ட வீட்டுக்க மற்றவன் கால் வைச்சா எங்கட ஆக்கள் என்னைச் சேக்க மாட்டாங்க. நீங்க எவ்வளவு தந்தாலும் ஏலாது."

வள்ளிப்பிள்ளையின் காலை இத்தனை வருடமாகக் கட்டிப்போட்ட அதே வழக்கம் போடியாரின் காலைச் சுற்றிக்கொண்டது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்தது ஒரு பிள்ளை. தண்ணீர் வார்க்க வைத்த ஏழாம் நாள் தவறிப் பதினோராம் நாளும் ஆயிற்று. மாங்கேணியிலிருந்து வந்த சொந்தக்காரர் திரும்பிப் போக முடியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் போடியாரின் வயல்வேலைகளை மேய்க்கிற விதானை சந்திக்கு வந்தான். "வள்ளி, போடியார் வரட்டாம்."

"எந்தப் போடியார்? என்ட கால் அவர்ட வளவில படப்படா எண்டவரா? அந்தச் சொல்ல முதல்ல அவர் திருப்பி எடுக்கட்டும்."

அடுத்த நாள் மத்தியானம் வண்டி வந்து நின்றது. இறங்கியது போடியாரின் மனைவி சீதேவிப்பிள்ளை. அந்த அம்மாள் சந்தியில் கால் வைத்ததை அதுவரை யாரும் கண்டதில்லை. கண் வீங்கியிருந்தது. கடை வாசலில் நின்ற நாலைந்து பேர் தானாக விலகினார்கள்.

"வள்ளி, கடைய மூடிப்போட்டு வரட்டாம். எல்லாத்தையும் மறக்கிறன் எண்டு சொல்லுறார்."

வள்ளிப்பிள்ளை பெட்டியைக் கல்லின் மேல் வைத்தாள். "கடைய மூட மாட்டன் அம்மா."

"அப்ப என்ட பிள்ள?" சீதேவிப்பிள்ளை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் முன்னால் அழுதார்.

வள்ளிப்பிள்ளைக்குப் பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. புஸ்பம் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அழுக்கெடுக்கப் போனால் கொல்லையில் வந்து குந்தி, ஒவ்வொரு துணியாக எடுத்துக் கொடுக்கும். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

"பிள்ளைக்கும் கடைக்கும் என்ன கதை அம்மா? நாளைக்கு மாத்துக் கொண்டு வாறன். போடியாருக்காக இல்ல. கடையும் நாளைக்குத் திறந்துதான் கிடக்கும்."

பக்கத்திலிருந்து இப்றாஹிம் முதலாளி எட்டிப் பார்த்தார். "நீ போயிட்டு வா புள்ள. வாற துணிய நான் வாங்கி வைக்கிறன். புள்ளி போட மட்டும் எனக்குத் தெரியா."

வண்டி போனதும் கோணாமலை தலையில் கைவைத்தான். "அடி விசரி! நீ என்ன கேட்டாலும் தந்திருப்பாங்களே. ஒரு வயல் துண்டு கேட்டிருக்கலாமே!"

"பிள்ளைய வைச்சுப் பேரம் பேசச் சொல்லுறீங்களா? அது போடியார்ட புத்தி. என்ட கையில தொழில் இருக்கு."

அன்று பின்னேரம் அவள் மாற்றுச் சேலையைப் பூவல் தண்ணீரில் மூன்று தரம் அலசினாள். சேலைத் தலைப்பில் இரண்டு தரம் பெட்டியை வைத்துப் பார்த்துத்தான் அதில் வைத்தாள். அந்த மாதிரி வெள்ளையை அந்த வீட்டுப் பெண்கள் கண்டதில்லை. மறுநாள் தண்ணீர் வார்த்து முடிந்து அவள் விரித்தபோது ஆளுக்காள் தொட்டுப் பார்த்தார்கள்.

புஸ்பம் மெலிந்து கிடந்தது. சேலையைச் சுற்றிவிடும்போது காதோடு சொன்னது: "நீ வரவே மாட்டாய் எண்டு அப்பா சொன்னார், வள்ளி. உனக்குத் திமிர் எண்டார்."

"திமிர்தான் மகள். அதுக்காக உன்னை விட்டுப்போடுவனா?" என்று அவள் கொசுவத்தைச் செருகினாள். தான் போட்ட பூட்டுக்குப் பழியை எவள் தலையில் கட்டியிருக்கிறார், மனிதர்!

சடங்கு முடிந்து முற்றத்துக்கு வந்தாள். சொந்தக்காரர், வயல்காரர் என்று அறுபது எழுபது பேர். கோணாமலை ஏணியில் நின்று பந்தலில் கடைசி வெள்ளையைக் கட்டிக்கொண்டிருந்தான். போடியார் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பியிருந்தது.

"பாத்தீங்களா," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "கட்டாடி எங்க போனாலும் கட்டாடிதான். கூப்பிட்டா வரத்தான் வேணும். சரி வள்ளி, நடந்தது போகட்டும். நாளையில இருந்து சந்திப் பக்கம் தலை காட்டாத. விடிய வந்து அழுக்கெடு. ஐஞ்சு மாதத் துணி குவிஞ்சு கிடக்கு."

வள்ளிப்பிள்ளைக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். இங்கே தலையாட்டினால் கடை போயிற்று, பூவல் போயிற்று, மறுபடியும் களத்தில் போய் நிற்க வேண்டியதுதான். ஆட்டாவிட்டால் முதுகுத்தோல் உரியலாம். விதானை கையில் கம்போடுதான் நின்றான்.

"போடியார், உங்கட மகளுக்கு மாத்துக் குடுக்க வந்தன். குடுத்திட்டன். அழுக்கெடுக்க நாங்க இனி ஒரு வீட்டுக்கும் வாறல்ல. சந்தியில கடை இருக்கு. துணியக் கொண்டு வாங்க, கூலியத் தாங்க, சொன்ன நாளில வெளுத்துத் தருவன்."

விதானை ஓரடி முன்னே வந்தான். அப்போது ஏணியிலிருந்து கோணாமலை இறங்கினான். இறங்கி வந்து பெண்சாதிக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஓம் போடியார். கடையிலதான்."

"உன்ட கடைக்கு எவன் துணி கொண்டு வாறான் எண்டு பாப்பம்!" என்று போடியார் கத்தினார். "இந்த ஊரில ஒருத்தன் வரட்டும் பாப்பம்!"

ஐந்து மாதம் துணி துவைத்துக் கை காய்த்துப்போன பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற சீதேவிப்பிள்ளை, புருஷன் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"வள்ளி, கடை எத்தினை மணிக்குத் திறப்பாய்?"

"விடிய ஆறு மணிக்கு அம்மா," என்றாள் வள்ளிப்பிள்ளை. "பிந்தி வந்தீங்களெண்டா வரிசையில நிக்க வேண்டி வரும்."